நாற்பத்தெட்டோடு முடிந்த உலகம்

நேற்று ஈப்போவில் மழைக்கு ஒரு ரொட்டிக்கடை வாசலில் ஒதுங்கினேன். உள்ளேயிருந்து வெண்ணெய் லேசாகக் கருகும் வாசனை. அவ்வளவுதான், ஜெலாப்பாங் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. டின்களைப் பலகைமேல் வரிசையாக அடுக்குவது என் வேலை. மூளை தேவைப்படாத வேலை என்பதால் நன்றாகவே வந்தது.

பக்கத்தில் மூடிகளைச் சரிபார்த்தவள் பார்வதி. எல்லாரையும் அண்ணே என்பவள், என்னை மட்டும் எப்படியும் கூப்பிடமாட்டாள். அதிலேயே எனக்கு ஏகப்பட்ட நம்பிக்கை. ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை லூமுட் கடற்கரைக்கு வருகிறாயா என்று கேட்டேவிட்டேன்.

அவள் டின்களைக் காட்டினாள். "ஆறு டின்ன மிச்சமில்லாம, சம வரிசையா, நாலு விதமா அடுக்கலாம். ஒரு வரிசை, ரெண்டு, மூணு, ஆறு. சரியா ஏழு விதமா அடுக்க ஆகக் குறைஞ்சது எத்தன டின்னு வேணும்? சனிக்கெழமக்குள்ள சொல்லுங்க, வாரேன்."

எட்டு விதத்துக்கு இருபத்துநான்கு போதும் என்று கண்டுபிடித்தேன். ஏழுக்கு அதைவிடக் குறைவாகத்தானே இருக்கவேண்டும்? இல்லை. வாரம் முழுக்க அடுக்கினேன், கலைத்தேன், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். சனிக்கிழமை, "அப்படி ஒரு நம்பரே இல்லலா" என்றேன்.

"அறுவத்துநாலு."

ஒரு பலகைக்கு நாற்பத்தெட்டு டின்தான் கணக்கு. அதற்குமேல் நான் யோசிக்கவே இல்லை.

"பலகையோட ஒலகம் முடிஞ்சிருச்சா?" என்று சிரித்தாள். என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, "சரி, பதினொண்ணுக்குச் சொல்லுங்க. இன்னும் ஒரு வாரம்" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு விதத்துக்கு இரண்டு, மூன்றுக்கு நான்கு, ஐந்துக்குப் பதினாறு, ஏழுக்கு அறுபத்துநான்கு. இப்படி எதற்கும் வகுபடாத முரட்டு எண்களுக்குக் குறுக்குவழியே கிடையாது. ஒன்றிலிருந்து இரட்டித்துக்கொண்டே போகவேண்டும். பதினொன்றுக்கு, ஒன்று குறைத்து, பத்துத் தடவை இரட்டித்தேன். திங்கட்கிழமை காலை, அவள் பையை வைக்கும் முன்பே, "ஆயிரத்து இருவத்துநாலு!" என்று கத்தினேன்.

அந்த ஞாயிறு, லூமுட் படகுத்துறையில், கடலைப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்க இல்லலான்னு சொன்ன அன்னைக்கே, ஞாயித்துக்கெழம ஓவர்டைம் வேல லிஸ்டுல எம்பேர அடிச்சிட்டேன்."

இன்றைக்கும் வீட்டில் என் கணக்கை அவள் நம்புவதில்லை. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது டயர் கிடங்கு. வாசல் சுவரில் ஒட்டியிருந்த அந்த ஓவர்டைம் தாள் எந்தக் குப்பையோடு போனதோ. அந்த வாரம் முழுக்க அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். அவள் தன் பெயர்மேல் இழுத்திருந்த கோட்டை ஒருதடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.