அமர்வு நாளில் ஒரு கலியாணம்

எங்கள் எம்பி பாராளுமன்றத்தில் கேட்கிற கேள்விகள் எல்லாம் என் போனுக்கு வந்துவிடும். அவருடைய செயலாளர் ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேரைக் கேட்காமலேயே அதற்குள் சேர்த்து விட்டிருந்தார். காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் சத்தம் போடும். பார்த்தால், கூரையில் சூரிய மின்சாரம் எடுக்கிற வீட்டாருக்குக் கொடுக்கும் விலையை ஏன் குறைத்தார்கள், காலநிலை மாற்றத்துக்கு என்று வெளிநாடு தந்த உதவி எந்த மாவட்டத்துக்குப் போனது, காற்றாலைக்கு இடம் பார்த்தவர்கள் யார் என்றெல்லாம் (அ), (ஆ), (இ) பிரித்துக் கேட்டிருப்பார். கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான்: "இன்றேல், ஏன்?" எங்கள் வீட்டில் அது பகிடியாகிப் போனது. "ஆணத்துக்கு உப்புப் போட்டீங்களா உம்மா, இன்றேல் ஏன்?" என்று மகள் கேட்பாள்.

நான் சிரிப்பேன். நம்ப மாட்டேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள் நான். கேள்வி கேட்கிற பிள்ளைகள் எல்லாம் பதில் தெரிய வேண்டும் என்று கேட்பதில்லை. டீச்சர் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கை உயர்த்துகிற பிள்ளையும் வகுப்பில் உண்டு. இந்த மனிசனும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். வெயிலைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே, அவருடைய மச்சான்மார் யாராவது சோலார் தகடு விற்கிறார்களா என்று என் கணவரிடம் விசாரித்தேன். அவர் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறவர், எல்லாரையும் நம்புகிறவர், கடனுக்குச் சீமெந்து கொடுத்துவிட்டு வாங்கினவனுக்கே தேத்தண்ணியும் கொடுக்கிறவர். "உனக்கு எல்லாரும் கள்ளன்தான்" என்றார். நான் அப்படிச் சொன்னதில்லை. கள்ளன் இல்லை என்று எனக்கு யாரும் இன்னும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீடு கல்முனையில் கடற்கரைப் பக்கம். உம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் குடியிருப்பார். எங்களுக்கு ஒரே மகள். இந்த வீட்டை விட்டால் அவளுக்குக் கொடுக்க எங்களிடம் வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டைக் கடலும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மாரியில் பின்வளவுத் தென்னைகள் போயின. அடுத்த மாரியில் வேலியும் கக்கூசும் போயின. அதற்குப் பிறகு குசினிக் கதவைத் திறந்தால் நேரே கடல். மாரிக் கடல் இரையும்போது நான் குசினியில் நின்று அதை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன்.

மகளைப் பேசி வந்த மாப்பிள்ளை நல்லவர். கட்டாரில் வேலை செய்து கையில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு திரும்பியவர், அடக்கமானவர். அவருடைய தாய் வேறு ஆள். வீடு பார்க்க வந்த அன்று அவர் மண்டபத்தைப் பார்க்கவில்லை, அறையைப் பார்க்கவில்லை. நேரே குசினிக்குப் போய், பின்கதவைத் திறந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"டீச்சர், இந்த ஊடு எவ்வளவு காலத்துக்கு நிக்கும்?"

"கரைக்குக் கல்லுப் போடப் போறாங்க" என்றேன். எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"ஆரு போடப் போற?"

"அரசாங்கம்தான். எம்பி பாராளுமன்றத்துல கேக்கப் போறாரு."

அந்த மனுஷி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். "அப்ப கேக்கட்டும், பிறகு நாள் வைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்ன சொல்லை உண்மையாக்க வேண்டுமே. அடுத்த நாளே நானும் கணவரும் எம்பியின் காரியாலயத்துக்குப் போனோம். ஏதாவது சாட்டுச் சொல்வார் என்று சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவர் கதிரை இழுத்துப் போட்டார், பிஸ்கட் எடுக்கச் சொன்னார், கடல் எந்த மாரியில் எதை எடுத்தது என்று நான் சொல்லச் சொல்லத் தானே எழுதினார். "நல்ல கேள்வி டீச்சர். கடலரிப்பு, காலநிலை, எல்லாம் இதுக்குள்ள வருது. நான் கேக்குறன்" என்றார். வெளியே வந்ததும் என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கோ சந்தேகம் கூடியது. இவ்வளவு லேசாக ஒரு அரசியல்வாதி ஓம் சொன்னால் அதற்குள் என்னவோ இருக்கிறது. கல் ஏற்றுகிற லொறி யாருடையது என்று விசாரியுங்கள் என்றேன். "வா ஊட்டுக்கு" என்றார் அவர்.

ஆனாலும் கேள்வி வந்தது. எங்கள் கரையின் பெயர் போட்டு, (அ), (ஆ), (இ) பிரித்து, கல்லணை எப்போது அமைக்கப்படும் என்று அமைச்சரைக் கேட்டு, ஓர் இலக்கமும் கொடுத்திருந்தார்கள். இலக்கம் வரும் நாளில் எம்பி எழுந்து கேட்பார், அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், அது நாடே கேட்கும்படி சொன்ன வாக்காகிவிடும் என்று செயலாளர் விளக்கம் சொன்னார். நான் போனைக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் தாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். "சரி, நாள் வைப்பம்" என்றார். பிறகு மெதுவாக, "கலியாணத்துக்கு எம்பி வருவாரு தானே? இவ்வளவு பழக்கமா இரிக்கீங்களே" என்றார். அது கேள்வியில்லை, சோதனை.

நிக்காஹ் ஒரு வியாழக்கிழமைக்கு வைத்தோம். கார்ட் கொண்டுபோனபோது செயலாளர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அண்டைக்குப் பாராளுமன்ற அமர்வு இரிக்கி டீச்சர். உங்கட கேள்வியும் அண்டைக்கு வாற மாதிரித்தான் இரிக்கி."

எனக்கு ஏறிக்கொண்டு வந்தது. எங்கள் தெருவில் எந்தக் கலியாணத்துக்கு அழைத்தாலும் அன்றைக்கு அமர்வுதான். போன வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கு அமர்வென்று சொல்லிவிட்டு, சம்மாந்துறையில் ஒரு பெரிய முதலாளி வீட்டுப் பந்தலில் மாலை போட்டுக்கொண்டு நின்றவரை முகநூலில் ஊரே பார்த்தது. இப்போது எனக்கும் அதே கதை. அதற்கு மேல் என் கேள்வியையே தூக்கி எனக்கு முன்னால் சாட்டாக வைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"பெரிய ஆக்கள்ர ஊட்டுக்குப் போனா அமர்வு இல்ல, எங்கட ஊட்டுக்கு வாறண்டா மட்டும் அமர்வு வந்திரும், என்ன?" என்றேன். "எம்பியிட்ட இதச் சொல்லுங்க. கலியாணத்துக்கு வராட்டி, அடுத்த முறை வோட்டுக் கேட்டு எங்கட குடிக்குள்ள வர வேணாம்."

எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியால் வருகிற சொந்தக் கூட்டம். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்கார் இருப்பார். குடி ஒரு பக்கம் சாய்ந்தால் வோட்டும் அந்தப் பக்கம் சாயும். ஒரு எம்பி பாராளுமன்றத்துக்குப் போகாவிட்டால் இங்கே யாருக்கும் தெரியாது. ஒரு ஜனாஸா அடக்கத்துக்கு, ஒரு கலியாணத்துக்கு வராவிட்டால் பிள்ளைகுட்டிக்கும் தெரியும். அதை நினைத்துத்தான் சொன்னேன். சொன்னது வேலை செய்தது.

எம்பி வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் மணம், பின்னால் நாலு பேர். நிக்காஹ் முடிந்து சாப்பாட்டுக்கு இருந்தபோது, மாப்பிள்ளையின் வாப்பாவும் என் கணவரும் எம்பியும் ஒரே சஹன் தட்டில் கை போட்டுச் சாப்பிட்டார்கள். பெண்கள் பக்கத்துத் திரைச்சீலை இடுக்கால் மாப்பிள்ளையின் தாய் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து, "மாஷா அல்லாஹ் டீச்சர்" என்றார். அந்த மனுஷி என்னைத் தொட்டுக் கதைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் கடல் என் ஞாபகத்திலேயே இல்லை.

போகும்போது எம்பி வாசலுக்கு வந்து சலாம் சொன்னார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

"உங்கட கேள்வி இண்டைக்குத்தான் டீச்சர் வந்திரிக்கும். நீங்க கட்டாயம் வரச் சொன்னீங்க. நான் வந்துட்டன்."

வாகனம் போனதும் உள்ளே வந்தேன். அஸர் தொழுதுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் அன்றைய அமர்வைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சபாநாயகர் எங்கள் இலக்கத்தை வாசித்தார். அமைச்சர் பதில் சொல்லத் தயாராகி அரைவாசி எழும்பினார். இந்தப் பக்கத்தில் யாரும் எழவில்லை. எம்பியின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. சபாநாயகர் இன்னொரு முறை கூப்பிட்டார். அமைச்சர் மறுபடி உட்கார்ந்தார். அடுத்த கேள்வி, வேறெங்கோ ஒரு காற்றாலையைப் பற்றி. நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அமைச்சர் ஒவ்வொரு முறையும் எழும்பினார், உட்கார்ந்தார். கல் வரும் என்று சொல்ல எழும்பினாரா, வராது என்று சொல்ல எழும்பினாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

செயலாளருக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"வேற ஒரு எம்பியக் கேக்கச் சொல்லியிருக்கலாமே. சார்பில கேக்கலாம்தானே?"

"கேக்கலாம் டீச்சர். சொல்லித்தான் இருந்தாரு. அந்தாளும் ஒரு மவுத்து ஊட்டுக்கு, ஜனாஸாவுக்குப் போயிட்டாராம்."

"இனி எப்ப வரும்?"

"புதுசாப் போடணும். புது இலக்கம் வரணும். இன்ஷா அல்லாஹ் பாப்பம்."

மாரி வர எவ்வளவு நாள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். போனை வைத்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. அமைச்சரைச் சங்கடப்படுத்தாமல் தப்ப ஒரு வழி தேடிக்கொண்டிருந்தவருக்கு நானே வழி வெட்டிக் கொடுத்தேனா? இல்லை, என் பேச்சுக்குப் பயந்து ராவோடு ராவாக அவ்வளவு தூரம் ஓடி வந்தாரா? இரண்டும் நடக்கக் கூடியதுதான். கணவரிடம் சொன்னேன். அவர், "மனிசன் நம்மள மதிச்சுத்தான் வந்தாரு" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் வேறு யார் மேலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குசினியில் மகள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தாள். முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. மருமகன் பின்கதவைத் திறந்து, புதுச் சாரனோடு வெளியே போய், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து, புதுமாப்பிள்ளைக்குரிய கூச்சத்தோடு கேட்டார்.

"மாமி, அந்தக் கேள்வி வந்துட்டா?"

"ஓம் மகன், நேத்து வந்துட்டு."

"அமைச்சர் எழும்பினாரா?"

"எழும்பினாரு" என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மகள் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் மருமகன் தாயிடம் போய்ச் சொல்லுவார், அந்த மனுஷி வந்து பின்கதவைத் திறப்பார், என் மகள் கழுத்தில் தாலி ஏறி ஒரு நாள்தான். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து மருமகனிடம் நீட்டினேன்.

"அப்ப சரி மாமி" என்றார் மருமகன். அவருடைய முகம் முழுக்க வெளிச்சமாகியது. "கட்டார்க் காசு கொஞ்சம் கிடக்கு. இந்தக் கடல் பக்கத்தால ஒரு அறை கட்டுவம். நல்ல காத்து வரும்."

என் கணவர் கடையிலிருந்து சீமெந்து தருகிறேன் என்றார். அடுத்த கிழமை ஒரு லொறி புளொக் கல் வந்தது. முன்வாசலில் இறக்க எவ்வளவோ இடமிருந்தது. தூக்கிச் சுமக்கிற வேலை மிச்சம் என்று சொல்லி, மருமகன் அத்தனையையும் கடல் பக்கமாகவே இறக்குவித்தார்.