செத்த சுக்கானியின் கோட்டு

குடித்துவிட்டு உளறுகிறேன் என்று எங்கள் பிரெஞ்சுத் துறைமுகம் சென் மாலோவில் சிலர் என்னைக் கேலி செய்கிறார்கள். அன்று நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. குடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அரசாங்க உத்தரவோடு ஆங்கிலேய வணிகக் கப்பல்களைப் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. அன்று காலை கோடரியும் கத்தியுமாக ஒன்றில் ஏறிக் குதித்தோம். தளமெல்லாம் ரத்தம் வழுக்கியது. எல்லோரும் சரணடைந்தார்கள். சுக்கான் பிடித்தவன் மட்டும் சக்கரத்தை விடவில்லை. எங்கள் சுக்கானி குல்வென், என் தங்கை புருஷன், அவன் விரல்களை வெட்டினான். பத்தையும். அப்புறம்தான் ஆள் சரிந்து செத்தான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிடித்த கப்பலின் தச்சன் பொருள் எங்கள் தச்சனுக்கு. சுக்கானியுடையது சுக்கானிக்கு. குல்வென் அந்த நீலக் கோட்டை உருவிக்கொண்டு பிணத்தைக் கடலில் தள்ளினான்.

“ரத்தம் காயட்டும், மாப்ள. அப்புறம் போட்டுக்க.”

“செத்தவனுக்குக் குளிராது மச்சான். எனக்குக் குளிருது.”

பிடித்த கப்பலை ஊர் சேர்க்க குல்வெனையும் என்னையும் சேர்த்துச் சிலரை அதில் விட்டார்கள். என் தங்கை ஆனிக் நிறைமாசம். புருஷனை முழுசாகக் கொண்டுவந்து சேர்ப்பதாக அவளுக்குச் சத்தியம் செய்திருந்தேன்.

நண்பகலில் மூடுபனி இறங்கியது. தெற்கே போகிறோம், மேற்குக் காற்று. வலது கன்னத்தில் அடிக்க வேண்டும்.

இடது கன்னத்தில் அடித்தது.

“ஏன்டா வடக்க திருப்புற? அங்க இங்கிலீஷ்காரன்!”

“நான் திருப்பல மச்சான்...”

அவன் தோளைப் பிடித்தேன். கோட்டில் ரத்தம் இன்னும் காயவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

கிரீச்... கிரீச்...

இருவரும் சேர்ந்து இழுத்தோம். சக்கரம் எங்களுக்கு மசியவில்லை.

“கோட்டைக் கழட்டுடா!”

“வரல... உள்ள இன்னொருத்தன் கை இருக்கு...”

சக்கரத்தின் பிடிகளில் சிவப்பு ஈரம். உள்ளங்கைத் தடம்.

விரல் தடம் இல்லை.

குல்வென் அலறினான். ஒரே தடவை.

பனி கிழிந்தது. கரை...

படார்!

ஆங்கிலேய மணலில் கப்பல் ஏறி நின்றது. துப்பாக்கியோடு வந்தவர்கள் செத்துக் கிடந்த குல்வெனைப் புரட்டினார்கள். கோட்டு சுலபமாகக் கழன்றது. அவன் கைகளில் ஒரு விரல்கூட இல்லை. தளம் முழுக்கத் தேடினேன். அங்கேயும் இல்லை. முழுசாக என்றல்லவா சொல்லியிருந்தேன், பாவி.

விலங்கோடு என்னை இறக்கும்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கப்பலையே பார்த்துக்கொண்டு ஏதோ கேட்டாள். எங்களில் ஆங்கிலம் தெரிந்தவனின் முகம் வெளுத்தது.

“என்னடா கேக்குறா?”

“அந்தச் சுக்கானி பொண்டாட்டியாம். மேட்டுல தெரியுதே, அதான் வீடு. சக்கரத்துல அவ புருஷன் தனியா நின்னு கப்பலைக் கொண்டாந்தத வாசல்லேர்ந்து பாத்தாளாம். ஏன் இன்னும் இறங்கலன்னு கேக்குறா.”