கோதண்டம் போட்ட ஐரோப்பா ரூட்டு

மாமல்லபுரம் கார் ஸ்டாண்டில் கோதண்டராமன் என்று கேட்டால் யாரும் திரும்ப மாட்டார்கள். கோதண்டம் என்று கேட்க வேண்டும். திருவிடந்தைக்காரர், ஐம்பத்தாறு வயது, முப்பது வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். ஸ்டாண்டில் என் வண்டி அவர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரு சவாரிக்கும் லேட்டாகப் போனதில்லை, ஒரு பார்ட்டியிடமும் டிப்ஸுக்குத் தலையைச் சொறிந்து நின்றதில்லை. அவ்வளவு சுத்தமான ஆள்.

ஒரே பெண், ரேணுகா. படூரில் காலேஜ் முடித்து ஜெர்மனியில் வேலை. மாப்பிள்ளை பிரவின்குமாருக்கும் அங்கேதான். பொங்கலன்று அந்தப் பெண் போன் செய்தது.

"நைனா, மே மாசம் நீயும் அம்மாவும் வாங்க. கார் எடுத்துகினு ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்விஸ், பிரான்ஸ் எல்லாம் ஒரு ரவுண்டு போலாம்."

"வண்டி யாரு ஓட்றது?"

அவர் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

"நீயே ஓட்டு நைனா. பர்மிட் மட்டும் எடுத்துகினு வா."

அன்றைக்கே மனுஷன் மாறிவிட்டார். செங்கல்பட்டுக்குப் போய் வெளிநாட்டில் ஓட்டுகிற பர்மிட்டுக்கு எழுதிக் கொடுத்தார். நோட்டு ஒன்று வாங்கி, போனில் மேப்பைப் பார்த்துப் பார்த்து ரூட்டு போட்டார். வெள்ளைக்காரப் பார்ட்டி யார் வந்தாலும் விடவில்லை. ஒரு பிரெஞ்சுக்கார அம்மா, மே மாசத்திலும் எந்த மலை ரோட்டில் பனி கிடக்கும் என்று கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனது. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். அதற்காக, நிற்கிற வண்டியில் இடது சீட்டில் உட்கார்ந்து வலது கையால் கியர் போட்டுப் பழகினார். பார்க்கிறவனுக்கு இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்றுதான் தோன்றும்.

"ஒவ்வொரு பார்டருக்கும் ரெண்டு மணி நேரம் போட்டு வச்சிகிறேன் சாலமோனு" என்றார் என்னிடம்.

"எதுக்கு மச்சான்?"

"செக்போஸ்ட்டு கீதுல்ல? ஆந்திரா பார்டர்லயே எவ்ளோ நேரம் காஞ்சிருக்கோம்! இது தேசம் வுட்டு தேசம்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பதினாலு நாளுக்கும் பிளான் எழுதி முடித்து, படம் பிடித்து ரேணுகாவுக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், வீடியோவில் அந்தப் பெண் வந்தது.

"நைனா, பார்டர்ல நிக்கவே வேணாம். நெறய எடத்துல போர்டு மட்டுந்தான் இருக்கும், போய்கினே இருக்கலாம். அத்த வுடு. இது இன்னா? பாரிஸ் டவரு மூணு டிக்கெட்டு, வெனிஸ் படகு மூணு டிக்கெட்டு, ரூமுலயும் மூணு பேரு. நாம நாலு பேரு ஆச்சே?"

"நீ, மாப்ள, ஒங்கம்மா. மூணுதானேம்மா?"

"அப்ப நீ?"

"நான் வண்டியாண்ட இருப்பேன்."

நோட்டை வாங்கிப் புரட்டினேன். பதினாலு ராத்திரிக்கும் ‘டிரைவர் வண்டியில்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தவன்தான் நான், எனக்கும் உறைக்கவில்லை. எங்கள் பிழைப்பு அப்படி. பார்ட்டியை வாசலில் இறக்குவோம், பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்துப் படுப்போம், கூப்பிட்டால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவோம். மைசூர் அரண்மனைக்கு நூறு தடவை போயிருக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவர் சம்சாரம், வேண்டா என்று பெயர், உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கல்யாணமான புதுசுல மைசூருக்கு இட்டுகினு போனாரு அண்ணே. அரமனைய நான் தனியா சுத்தனேன். அவளவள அவ புருசன் நிக்க வச்சி போட்டோ புடிக்கிறான், இவரு வண்டில கொறட்ட வுட்டுகினு கீறாரு. அங்கயும் அப்டித்தான்னா நான் வர்ல. நீ மட்டும் போயி நாலு தேசத்து பார்க்கிங்க பாத்துட்டு வாய்யா."

நான் சிரித்துவிட்டேன். கோதண்டம் சிரிக்கவில்லை.

"வண்டிய நான் பாத்துக்கலன்னா அங்க எனக்கு இன்னா வேல? பாஷ தெரியாது. மாப்ள துட்டு போட்டு, மாப்ள வழி கேட்டு, நான் பின்னால மூட்ட மாதிரி போவணுமா?"

"முப்பது வருசமா நான் மூட்டயாத்தான் வரேன். செத்தா பூட்டேன்?"

வேண்டாவே முடிவு சொன்னார். "நாளைக்கி கடற்கரைக் கோயிலுக்குப் போவோம். அண்ணன் ஓட்டட்டும். நீ பின்சீட்டுல வந்து, ஒரு மணி நேரம் என்கூட உள்ள நட. நடந்தீன்னா ஐரோப்பாவுக்கு வரேன்."

மறுநாள் நான் ஓட்டினேன். வழியெல்லாம் பின்சீட்டில் அவர் கால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தது. இறங்கினதும் பழக்கதோஷம், சுற்றி ஓடி வந்து வேண்டாவுக்குக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அந்தம்மாவும் பெரிய பார்ட்டி மாதிரி இறங்கி, இரண்டு டிக்கெட் வாங்கினார். உள்ளே போகிறவரைக்கும் கோதண்டம் பத்தடிக்கு ஒரு தரம் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டி எங்கயும் பூடாது, போய்யா!" என்று கத்தினேன்.

ஒரு மணி நேரம் என்றது ஒன்றே முக்கால் மணி ஆனது. சீட்டைச் சாய்த்தேன். தூக்கம் வரவில்லை. கடைசியில் வந்தார்கள். வேண்டாவின் பை அவர் தோளில் தொங்கியது.

"எத்தினி ஆயிரம் பேர இங்க எறக்கி வுட்டிருப்பேன்! உள்ள இப்டி காத்து வருதுன்னு ஒருத்தன் சொன்னானா சாலமோனு?" என்றார், நான்தான் சொல்லாமல் மறைத்த மாதிரி.

வண்டியில் ஏறினதும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "மாப்ள, மல ரோட்ட நான் பாத்துக்கறேன். ஊருக்குள்ள பூந்துட்டா நீங்க ஓட்டுங்க. நிறுத்தும்போது மட்டும் ரிவர்ஸுல நிறுத்துங்க, வெளிய எடுக்க சுளுவா இருக்கும்."

பிறகு நோட்டைத் தொடைமேல் வைத்து, மூணை எல்லாம் அடித்து நாலு போட்டுக்கொண்டு வந்தார். வெனிஸ் படகுக்கு வந்ததும் பேனா நின்றது.

"எனக்கு நீச்ச தெரியாதேம்மே."

"எனக்கு மட்டும் தெரியுமா? எழுதுய்யா" என்றார் வேண்டா.