பூஞ்சை லென்சுக்கு ஏ கிரேடு

பழைய டிஜிட்டல் கேமராவுக்குத் தரம் போடுவது என்பது, யாருக்கும் வேண்டாத உண்மையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லும் வேலை.

பெங்களூரு பிரேசர் டவுனில் ஒரு செகண்ட் ஹேண்ட் கேமராக் கடையில் அந்த வேலையை நான் பார்க்கிறேன். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன கேமராக்கள்தான் எங்கள் சரக்கு. விற்க வருகிறவர் தன்னுடையதை என் டேபிளில் வைப்பார். நான் லென்சுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பேன். எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் செய்தித்தாளின் 'வீடு வாடகைக்கு' பக்கத்தைப் படம் எடுத்து, நாலு மூலையிலும் எழுத்து தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பேன். அப்புறம் ஏ, பி, சி என்று ஒரு ஸ்டிக்கர். ஏ என்றால் கண்ணாடி அலமாரி. சி என்றால் ஸ்பேருக்காகக் கழற்றப்படும் பிளாஸ்டிக் கூடை. அவ்வளவுதான் வேலை. கவுன்ட்டருக்கு உள்பக்கம் நின்று பிழைக்கிற யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், 'அவ்வளவுதான்' என்ற சொல்லைப் பார்த்ததுமே சிரித்திருப்பீர்கள்.

உரிக்காத பிளாஸ்டிக்

ஒரு நாள் கடை திறந்ததும் ஒரு பெரியவர் வந்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் பைக்குள் துண்டு, துண்டுக்குள் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் வெள்ளி நிறத்தில் ஒரு கேமரா. மருமகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்ததாம். ஸ்கிரீன் மேல் கம்பெனிக்காரன் ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை. அதை விரலால் தடவிக் காட்டும்போது அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! பெட்டியைத் திறந்ததில் கடை முழுக்க அந்துருண்டை வாடை.

பேட்டரி உப்பி உள்ளேயே இறுகிக் கிடந்தது. கவுன்ட்டரில் விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் நயீம் பாய் மூச்சைப் பிடித்து இழுத்து அதை வெளியே எடுத்தார். வேறு பேட்டரி போட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் அலமாரி இருட்டில் கிடந்ததில் லென்சின் உள்கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. படம் எடுத்தால் சுவரில் இருந்த வாடகை வீடுகள் எல்லாம் மார்கழிப் பனிக்குள் போய்விட்டன. படம் எடுக்க வாங்கிய சாமானைப் பத்திரமாக வைத்தே சாகடித்திருக்கிறார் மனிதர். நான் சி ஒட்டினேன். அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"சும்னே அப்படியே வெச்சிருந்தேன்மா, கையே படல. யூஸ் பண்ணாததுக்கு ரேட் கம்மின்னா, யூஸ் பண்ணிக் கெடுத்திருந்தா ஜாஸ்தி குடுப்பீங்களா?"

ரொம்ப கிளியர்

சி விலையை வாங்கிக்கொண்டு பெரியவர் முனகிக்கொண்டே விட்டுப்போன அந்தக் கேமரா கூடையில் கிடந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். கையில் இருந்த போன், எங்கள் கடை அலமாரி மொத்தத்தையும் விலைக்கு வாங்கக்கூடிய போன். அவளுக்குப் பழைய கேமரா வேண்டுமாம். இப்போது இதுதான் காய்ச்சல். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேர்ந்தெடுத்த ஏ கேமரா ஒன்றை நயீம் பாய் கொடுத்தார். அவள் தன்னையே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அக்கா, இது ரொம்ப கிளியரா இருக்கு. வேற இல்லையா?" என்றாள்.

நான் வேறொன்றை எடுப்பதற்குள் அவள் கண் கூடைக்குப் போய்விட்டது. பெரியவரின் வெள்ளிக் கேமராவை எடுத்தாள், ஒரு படம் அடித்தாள், அதில் தன் முகம் புகைக்குள் மிதப்பதைப் பார்த்துக் குதித்தாள். லென்சில் பூஞ்சை இருக்கிறது, இன்னும் பரவும் என்றேன். அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. முதலாளி முரளி சார் எழுந்து வந்து, என் சி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து, என்னையே ஏ ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். இத்தனை வருஷத்தில் நான் ஒட்டிய முதல் பொய் அது. அவள் போனதும் அவர் சொன்னது அதைவிட மோசம். என் டேபிள் போனால் எனக்கு மிச்சம் கோடவுனில் பார்சல் கட்டும் வேலைதான். ஜன்னல் இல்லாத அறை அது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தைக்கு அங்கே வேலையில்லை.

"இனிமே கஸ்டமர் கண்ணுதான் டெஸ்டிங், செல்வி. மாசக் கடைசில உன் டேபிளைத் தூக்கிட்டு அங்க ஒரு பெரிய கண்ணாடி மாட்டப் போறேன், புள்ளைங்க நின்னு போட்டோ எடுத்துக்கட்டும்."

மைசூர் மணல்

டேபிளைக் காப்பாற்றியாக வேண்டும். ஆகவே முன்னைவிடக் கறாராகப் பார்க்க ஆரம்பித்தேன். என் சோதனை இல்லாவிட்டால் கடை ஏமாந்துபோகும் என்று முதலாளிக்குப் புரியட்டும் என்பது என் கணக்கு. அந்த நேரம் பார்த்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கணவருக்கு ஐ.டி. வேலை. கேமராவை ஆன் செய்தால் லென்ஸ் பாதி வந்து கரகரவென்று நின்றது. "மணல் போயிருக்கு சார், பீச்சுக்கு எடுத்துட்டுப் போனீங்களா?" என்றேன். கடல் பக்கமே போனதில்லை என்றார். ஆபீஸ் டிரிப்பாக ஒரே ஒரு தடவை மைசூர் எடுத்துப்போனதுதானாம். அதோடு நிறுத்தினாரா? நீங்கள் எல்லாம் ரேட்டைக் குறைக்கப் பழி சொல்கிறீர்கள் என்று எனக்கு ஒரு பாடமும் எடுத்தார்.

டேபிளில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, கேமராவைக் கவிழ்த்து லேசாகத் தட்டினேன். பொலபொலவென்று மணல் கொட்டியது. கூடவே ஒரு பொடிச் சிப்பி. என்னை முறைத்துக்கொண்டிருந்த கணவர் இப்போது தாளை முறைத்தார். அதுவரை போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தார். சிப்பியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ரேட் பேச்சு அதோடு முடிந்தது. கடை வாசலில் வேறு பேச்சு தொடங்கி, தெருவே நின்று பார்த்தது. டேபிள் இருப்பதால்தான் கடையில் சண்டை வருகிறது என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். எனக்கு மட்டும் அந்த அம்மாளின் ஒரே கேள்வி இன்னும் இனிக்கிறது.

"மைசூர்ல எந்தப் பக்கங்க பீச் இருக்கு?"

சாவியில் உள்ள நம்பர்

கடைசியாக ஒரு நல்ல காலம் வந்தது என்று நினைத்தேன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்ப்பவர், தருமபுரிக்காரர், கேமரா வாங்க வந்தார். அவர்கள் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். உள்ளே இரும்புப் பாகங்களில் வரும் மயிரிழை விரிசலைப் படம் எடுக்க, வைஃபை இல்லாத சின்ன கேமராதான் வேண்டுமாம். கேட்கக் கேட்க எனக்குக் காது குளிர்ந்தது. ஒரு சாமானைச் சாமானாகப் பார்க்கிற ஆள்! அவர் தன் பைக் சாவியை டேபிளில் வைத்து, அதில் பொடியாகப் பொறித்திருக்கும் நம்பர் தெரிய வேண்டும் என்றார். நயீம் பாய் கொடுத்த ரோஸ் கலர் கேமராவில் சாவியே வெண்ணெய் மாதிரி உருகியது. நான் ஒரு கறுப்புக் கேமராவை எடுத்து நீட்டினேன். உடம்பெல்லாம் கீறல், லென்ஸ் மட்டும் பளிங்கு. நம்பர் ஒவ்வொன்றும் கம்பீரமாக நின்றது.

முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். டேபிள் தப்பியது என்று மனதுக்குள் ஒரு குத்தாட்டமே போட்டுவிட்டேன். தருமபுரிக்காரர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "சூப்பர் மேடம், இதான் கிளியர்" என்று என் கேமராவைப் பாராட்டினார். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல்கள் மேல் கட்டை விரலை ஓட்டினார். அவர் முகம் வேலை நேரத்து முகமாக மாறுவதை நான் கண்ணெதிரே பார்த்தேன்.

"மேல இவ்ளோ கீறல் இருந்தா எங்க ஆளுங்க உள்ளயே விட மாட்டாங்க மேடம், ரிஜெக்ட்தான், அந்த ரோஸ் பீஸையே பில் போட்டுடுங்க."

சும்மா பார்க்கிற மாதிரி

அந்த வாரமே நயீம் பாய் டேபிளின் நீளத்தை அளந்து கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்தார். டேபிளில் எனக்குக் கடைசிச் சனிக்கிழமை. நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழியனுப்புகிற மாதிரி ஒரு கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுள்ளென்று முகத்தில் ஒரு ஃப்ளாஷ். நிமிர்ந்தால், அந்தக் கல்லூரிப் பெண். கையில் பெரியவரின் வெள்ளிக் கேமரா. "அக்கா, செம!" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அழுகையும் கோபமுமாக வந்தது. பார்சல் கட்டப் போகிறவளைப் படம் எடுத்து என்ன ஆகப்போகிறது?

ஆனது. படத்தை அவள் எங்கோ போட்டிருக்கிறாள், அது எங்கெங்கோ போயிருக்கிறது. திங்கட்கிழமை கடை வாசலில் ஒரே இளசுகள் கூட்டம். எல்லார் போனிலும் நான். படத்துக்குத் தரம் போடவா? என் முகம் மைதா மாவு. கண் இரண்டும் சிவப்பு. பின்னால் அலமாரியில் ஒரு கேமராவாவது தெரிய வேண்டுமே, ஒரு பொட்டுகூட இல்லை. எடுத்தது நான் சி ஒட்டிய லென்ஸ். வந்தவர்கள் எல்லாரும் கேட்டது, "அந்த அக்கா டேபிள் எங்கே?" முதலாளி கண்ணாடிக்காரனுக்குப் போன் போட்டார், நிறுத்துவதற்கு இல்லை, எதிர்ச் சுவருக்கு மாற்றுவதற்கு. இப்போது வாடகை வீடுகள் இருந்த இடத்தில் கண்ணாடி. என் தலைக்கு மேல் சீரியல் பல்பு. டேபிள் அசையவில்லை, நானும் அசையவில்லை. நிம்மதியில் அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். எழுத்துகளைப் படம் எடுத்துப் பார்க்க ஒரு வாடகைப் பக்கத்தை டேபிளுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். நேற்றுக்கூடக் குனிந்து, ஒரு கேமராவின் மூலைகளை மும்முரமாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, படம் எடுக்க வந்த பையன் ஒருவன் பொறுமையிழந்துபோனான்.

"அக்கா, நிஜமா பார்க்காதீங்க, முகம் சரியா வரல. சும்மா பார்க்கிற மாதிரி இருங்க."

லென்சில் பூஞ்சை பிடித்தால் கேமரா போச்சு என்று ஊருக்கெல்லாம் சொன்ன என் வாயில், இன்றைக்கும் சோறு போவது அந்தப் பூஞ்சை புண்ணியத்தில்தான்.