இரண்டு நிமிடத் தீர்மானம்

சபை அமர்வுக்கு நிகழ்ச்சி நிரல் போடுகிறவன் முதலில் விசாரிக்க வேண்டியது, அன்றைக்கு எந்தத் தேயிலைத் தோட்டத்தில் சாவு என்பதைத்தான். இதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எங்கள் மலைநாட்டில் ஒரு மெம்பர் கல்யாணத்துக்கு வராவிட்டால் மன்னித்துவிடுவார்கள். சவப்பெட்டி தூக்குகிற நேரத்தில், தோட்டத்துச் சனங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் நிற்காவிட்டால் அடுத்த தேர்தல்வரைக்கும் மறக்க மாட்டார்கள். "நாங்க செத்தா வராதவரு, உசுரோட இருக்கையில எதுக்கு வாறாரு?" என்று ஓர் அக்கா என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்.

பெரிய சபைகளில் நிரல் போடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பாராளுமன்றத்தில் சபை முதல்வர் இருக்கிறார், கொறடா இருக்கிறார். மேலவை உள்ள நாடுகளில் அங்கேயும் அப்படியே. எந்தச் சட்டமூலம் எப்போது வரும், யார் எத்தனை நிமிடம் பேசுவார், எப்போது வாக்கெடுப்பு என்பதெல்லாம் அவர்கள் பாடு. எங்கள் நாட்டிலும் ஒரு மேலவை இருந்ததாம். ஐம்பது வருஷத்துக்கு முன்பே அதை மூடிவிட்டார்கள். எங்களுக்கு வாய்த்தது பிரதேச சபை. இங்கே அந்தப் பதவி கிடையாது, வேலை மட்டும் உண்டு. ஆளும் பக்கத்தில் அதை என் தலையில் கட்டினார்கள்.

நான் படித்தவன் இல்லை. கொட்டகலையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் இருபது வருஷம் நின்றவன். சிங்களம் அங்கே துணி வாங்க வந்த சனங்களிடம் கற்றது. சபை நடத்தும் விதிகளான நிலையியற் கட்டளைகளை ஹட்டன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வாசித்து மனதில் ஏற்றினேன். மற்றபடி என்னிடம் இருந்தது வாய். சேலையை விரித்துப் போட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் பேசப் பழகிய வாய்.

அமர்வு நாளில் காலை எட்டரைக்கே போய்விடுவேன். கன்டீன் வாசலில் நின்று இரண்டு பக்கத்து மெம்பர்களையும் பிடிப்பேன். "நீங்க அஞ்சு நிமிஷம், தம்பி மூணு நிமிஷம். குப்பை விஷயத்துல மட்டும் சண்டை போடுங்க, லைட்டு விஷயத்துல வேணாம்" என்று பேசி முடிப்பேன். எதிர்ப்பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உண்டு. அவர் "சுருக்கமாகச் சொன்னால்" என்று தொடங்கினால் அரை மணி நேரம் போய்விடும். அவருக்கு ஒரு வழி வைத்திருந்தேன். பேச்சின் நடுவே சூடாக ஒரு பிளேன்டீ அனுப்பிவிடுவேன். அவர் ஒரு மடக்குக் குடிக்கிற இடைவெளியில் சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் அம்மா அடுத்தவரை அழைத்துவிடுவார். "என் வாயைத் தேத்தண்ணியால அடைக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்பார் வாத்தியார். கோபப்பட்டதில்லை.

நிரல் போடுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. கூச்சல் வரும் விஷயம் முதலில், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் கடைசியில். சண்டை போட்டவர்கள் சிரித்துக்கொண்டு கலைய வேண்டும் என்பது என் கணக்கு.

அப்படிக் கடைசியில் வைத்த ஒரு தீர்மானம்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

எங்கள் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், பள்ளத்தில் ஒரு லயம். அங்கே ஒரு தங்கச்சி இருக்கிறார். கொழுந்து பறிக்கிறவர். அவர் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் இரத்தம் சுத்திகரிக்க நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறும் பாதையில் ஆட்டோ இறங்காது. பிளாஸ்டிக் கதிரையில் அவரை உட்கார வைத்து, இரண்டு கம்பு கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள்.

அந்தப் பாதை தோட்டத்துக்குச் சொந்தம். சபை அதில் கொங்கிரீட் போட வேண்டுமென்றால் முதலில் சபை தீர்மானம் போட வேண்டும், பிறகு தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். துரை நல்ல மனிதர். "மாதக் கடைசியில் நான் மாற்றலாகிப் போகிறேன். அதற்குள் தீர்மானத்தின் பிரதி என் மேசைக்கு வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அடுத்து வருகிறவருக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார். மாதக் கடைசிக்குள் இருந்தது ஒரே ஓர் அமர்வு.

விவரம் கேட்க நான் அந்த லயத்துக்குப் போனபோது தங்கச்சி பேசினார். எனக்குச் சனங்களின் பேச்சென்றால் உயிர். நல்ல வார்த்தை காதில் விழுந்தால் அன்று சாப்பாடு வேண்டாம். "இந்தப் பாதையில இவரு இருவது வருசம் நடந்தாருண்ணே. இப்ப பாதை இவரு மேல நடக்குது" என்றார். "மழை பேஞ்சா ரோடு எங்களுக்கு முந்தி ஆத்துக்குப் போயிருது" என்றார். "வீட்டுல இருந்தா மனுசன். கதிரையில தூக்கி வச்சா மூட்டையாயிர்றாரு" என்றார். நான் திரும்பி வரும் வழியெல்லாம் அவற்றைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அமர்வு நாள் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் வயதான கண்டாக்கையா ஒருவர் இறந்திருந்தார். தோட்டத்து வேலையை மேற்பார்த்தவர், இரண்டு பக்கத்து மெம்பர்களுக்கும் வேண்டியவர். மூன்று மணிக்குப் பெட்டி தூக்குகிறார்கள். எனக்குத் தெரியும். இரண்டு மணிக்குள் முடித்துவிடலாம் என்று நிரல் போட்டேன். பாதைத் தீர்மானத்துக்கு எதிர்ப்பே இல்லை. வழிமொழிகிறேன் என்று வாத்தியாரே காலையில் சொல்லிவிட்டார். முன்மொழிவு, வழிமொழிவு, கை தூக்கல். இரண்டு நிமிட வேலை. அதை முதலில் வைத்திருக்கலாம். வைக்காததற்கு என் முறையை மட்டும் காரணம் சொன்னால் அது பொய். ஆற அமரப் பேச எனக்கு ஆசை. தங்கச்சி வேறு அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சேலையோடு பார்வையாளர்களுக்குப் போட்ட நீள வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தார்.

குப்பைச் சண்டை ஒரு மணிவரை இழுத்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவை முடிந்து நான் எழும்பும்போது இரண்டு மணி. பாதையைப் பற்றித் தொடங்கினேன். தங்கச்சியின் முதல் வார்த்தையைச் சொன்னேன். சபை அமைதியானது. இரண்டாவதைச் சொன்னேன். சிரித்தார்கள். மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டபிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அவற்றையே சிங்களத்திலும் சொன்னேன். அந்தப் பக்கமும் சிரித்தது. வேறு லயங்களில் கேட்டவற்றையும் அவிழ்த்துவிட்டேன்.

வாத்தியாரிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "பெட்டி எடுக்கிற நேரம். வாக்கெடுத்துவிட்டுப் பேசுங்கள்" என்று எழுதியிருந்தது. வாசித்தேன். அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். பேச்சைத் தொடர்ந்தேன். எனக்கு அடுத்த கதிரையில் இருந்த சிங்கள மெம்பர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஐயே, எத்தி, எத்தி" என்றார். போதும் அண்ணே, போதும் என்று அர்த்தம். "இன்னும் ரெண்டே வார்த்தை" என்று அவருக்கும் சொன்னேன்.

நான் உட்கார்ந்தபோது எதிரே பாதிக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. ஒவ்வொருவராக எழும்பிப் போனதை நான் பார்க்காமல் இல்லை. திரும்பி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாக்கெடுக்கத் தேவையான ஆட்கள், அதாவது கோரம், இருக்கிறதா என்று செயலாளர் தலைகளை எண்ணினார், இன்னொரு முறையும் எண்ணினார்.

"கோரத்துக்கு ரெண்டு பேர் குறையுது, தவிசாளர் அம்மா."

மணி அடித்தார்கள். நான் வாசலுக்கு ஓடினேன். சாவுக்குப் போகும் வேன் வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிக் கத்தினேன். மழை பிடித்திருந்தது, அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? உள்ளே வந்தபோது தவிசாளர் அம்மா என்னைப் பார்க்காமலே சபையை ஒத்திவைத்தார்.

எல்லோரும் எழும்பியதைப் பார்த்துவிட்டுத் தங்கச்சி ஓடி வந்தார். "அண்ணே, பாஸாயிருச்சா?"

"அடுத்த அமர்வுக்குப் போயிருக்கு" என்றேன்.

"அப்ப சரிங்கண்ணே." கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

விசேட அமர்வு கூட்ட அலைந்தேன். தவிசாளர் அம்மா சம்மதித்தார். ஆனால் அறிவித்தல் கொடுத்து நாள் விட வேண்டும். அந்த நாள் துரையின் சாமான் லொறி போன மூன்றாம் நாள் வந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. வாத்தியார் முன்மொழிந்தார், அன்று என் சட்டையை இழுத்த சிங்களத் தம்பி வழிமொழிந்தார், எல்லாக் கையும் மேலே போனது. புதிய துரை பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, தோட்டக் கம்பெனியைக் கேட்க வேண்டும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். தங்கச்சி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "விடு புள்ள, மெம்பரு தெரிஞ்சா செஞ்சாரு" என்றார்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன். நிறுத்தச் சொல்லி எழுதின சீட்டு என் கையில இருந்துச்சு" என்றேன்.

சுளகு நின்றது. அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார் தங்கச்சி. பிறகு சொன்னார்: "நல்லாதான் பேசினீங்கண்ணே. நான் சொன்னத ஒண்ணு விடாம சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் என்ன, சிரிக்கிறதுக்கா சொன்னேன்?"

அந்த வார்த்தைகள் அழகாக இருந்ததால் நான் எடுத்துக்கொண்டு போனேன். அவை எதற்காகச் சொல்லப்பட்டனவோ அதைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

எழும்பும்போது தங்கச்சி கேட்டார்: "தூக்குற ஆளுல ஒருத்தன் கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டான். செவ்வாக்கெழம காலையில அஞ்சரைக்கு வரமுடியுமாண்ணே?"

அன்று தொடங்கியது. செவ்வாய்க்கு நான் போகிறேன், வெள்ளிக்கு வாத்தியாரின் மருமகன் வருகிறார். கம்பெனியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. மாதம் இரண்டு கடிதம் எழுதுகிறேன், நேரிலும் போய் நிற்கிறேன். இப்போதெல்லாம் நிரலில், யாருக்கு அது அவசரமோ அவருடைய தீர்மானத்தை முதலில் வைக்கிறேன். சண்டையோடு கலைந்தால் கலையட்டும்.

முதல் செவ்வாய் ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டியது. வழுக்கலில் கால் இரண்டு தரம் தவறி, வீட்டுக்காரர் கதிரையின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். போன வாரம் ரோட்டில் கதிரையை இறக்கி வைத்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்குக் கதிரை அவ்வளவா ஆடல மெம்பர்" என்றார். பிறகு ஆட்டோவில் ஏறுவதற்காக என் தோளைப் பிடித்தார்.