திரும்பி வருகிறவர்

போன ஞாயிற்றுக்கிழமை, போ பசான் ஊரில் என் மகள் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஒரு வெளிநாட்டுப் படம் பார்த்தோம். பேய்ப் படமாம். மருமகன் வீடியோ கேசட்டை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்தார். படத்தில் ஒரு பெண் மாடிப்படி ஏறுகிறாள், ஏறுகிறாள், ஏறிக்கொண்டே இருக்கிறாள். நான் எழுந்து போய்ப் பால் காய்ச்சி, தேநீர் போட்டு, ஆளுக்கொரு கோப்பை கொண்டுவந்து கொடுத்த பிறகும் அவள் மேல்படிக்குப் போய்ச் சேரவில்லை. மருமகனுக்குப் பொறுமை போய்விட்டது. கையிலிருந்த ரிமோட்டை அழுத்தினார். அந்தப் பெண் குடுகுடுவென்று படியேறி ஓடினாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மெல்ல விடுங்க மாப்பிள்ளை" என்று நான் போட்ட அதட்டலில் மனிதர் திடுக்கிட்டுப்போனார். அது என் வார்த்தை இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஐம்பது வருஷத்துக்கு முன்னால், எங்கள் தீவின் தெற்குக் கரையில் உள்ள சுயாக்கில், ஊரே கூடியிருந்த இடத்தில் என் ஓரகத்தி சொன்ன வார்த்தை அது.

உண்மையைச் சொன்னால் இந்த மாதிரி மெதுவான பேய்ப் படங்கள் என் உயிரை வாங்குகின்றன. பேய் வருமா வராதா என்று இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள். கடைசியில் பேயும் வராது, விளக்கமும் வராது, பெயர்ப் பட்டியல்தான் வரும். கேட்டால் அதுதான் கலை என்பார்கள். என் இடுப்பு வலிக்கு அந்தக் கலை ஒத்துவருவதில்லை. ஆனாலும் பாதியில் எழுந்து போக மனம் வராது. படபடவென்று ஓடுகிற படத்தில் பயம் திரையிலேயே இருக்கிறது, படம் முடிந்ததும் அதுவும் போய்விடுகிறது. மெதுவான படத்தில் அவர்கள் ஒன்றும் காட்டுவதில்லை. நாம்தான் நம் வீட்டிலிருந்து எதையாவது கொண்டுபோய் அங்கே வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு வெறும் கதவை ஐந்து நிமிஷம் காட்டிக்கொண்டே இருந்தால், அதற்குப் பின்னால் அவரவருக்கு வேண்டிய ஆள்தான் வந்து நிற்பார். இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்ததில் நானாகத் தெரிந்துகொண்டேன்.

அக்கா என்று நான் கூப்பிட்டது என் கணவரின் அண்ணன் மனைவியை. நான் கல்யாணமாகி சுயாக்குக்குப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு முப்பதை ஒட்டி இருக்கும். மாமனாருக்கு ஊரை ஒட்டிக் கொஞ்சம் கரும்பு நிலம் சொந்தம். மூத்த மகன் நாலு பேரோடு சேர்ந்து மடகாஸ்கருக்கு மாடு வாங்கப் போயிருக்கிறார். மாடுகளோடு கப்பல் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. காய்ச்சலில் போய்விட்டார் என்று கூடப்போன ஒருவர் சொன்னார். காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை, அங்கேயே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டுக்கும் சாட்சி கிடையாது. கல்யாணமாகி எட்டே மாதத்தில் இது நடந்தது. நான் அந்த வீட்டுக்குப் போன வருஷம் தை மாதத்தோடு பன்னிரண்டு வருஷம் நிறைந்தது.

பன்னிரண்டு வருஷம் சேதி இல்லாதவரை இறந்தவராக எண்ணி, தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து வைத்துக் கருமாதி செய்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். செய்தால் அக்கா தாலியைக் கழற்ற வேண்டும். செய்யாமல் விட்டால், ஒருவேளை இறந்திருந்தால், மகன் ஒரு வாய்த் தண்ணீருக்கு அலைவானே என்று மாமனாருக்கு வேதனை. மாமனார் தங்கமான மனிதர். மருமகளைக் கட்டாயப்படுத்த அவருக்கு வாய் வராது. "நீ சரின்னு சொன்னாத்தான் பூசாரியக் கூப்பிடுவேன் ஆயி" என்பார். அக்கா "பாப்போம் மாமா" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போய்விடுவாள். தை போய் மாசியும் வந்துவிட்டது.

அந்த மாசியில்தான் தீவின் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து படக்காரர் ஒருவர் பயாஸ்கோப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். ஆலையின் பழைய சர்க்கரைக் கிடங்கில், சன்னல்களில் கோணிச் சாக்கு அடித்து இருட்டாக்கி, ஞாயிறு மத்தியானம் படம் காட்டினார்கள். கிடங்கு முழுக்க வெல்லப்பாகு வாடை, போதாததற்கு விளக்குப் புகை. படம் ஏதோ ஒரு குளிர்தேசத்துப் படம். நீளமான படம் என்பதால் மூன்று வாரத்துக்குப் பங்கு போட்டிருந்தார். அப்போதெல்லாம் படத்துக்கு வாய் கிடையாது. நடுநடுவே பிரெஞ்சு எழுத்து வரும், அதை யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அந்தப் பொறுப்பைத் தானாக எடுத்துக்கொண்டவர் சிர்தார், அதாவது கரும்பு வயலில் ஆட்களை மேய்க்கிற மேஸ்திரி. வீட்டில் எல்லோரையும் போல, பிரெஞ்சு சிதைந்து உண்டான கிரியோல் கலந்துதான் பேசுவார். ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் கோயில் தமிழ் வந்துவிடும். படத்தின் பெயர் திரையில் விழுந்தது. 'ரெவனான்' என்று ஒரு சொல், பிரெஞ்சில் பேய் என்று அர்த்தம். எங்கள் ஊர்க் கிரியோலில் பேய்க்கு வேறு சொல் உண்டு, இந்தச் சொல்லை நாங்கள் கேட்டதில்லை. 'ரெவனீர்' என்றால் திரும்பி வருவது என்று மட்டும் சிர்தாருக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "திரும்பி வருகிறவர்" என்று அறிவித்தார்.

அந்த ஒரு சொல்லால் படம் தலைகீழாகிவிட்டது. கடலோரத்தில் ஒரு வீடு. கடலில் போன கணவனை எதிர்பார்த்து ஒருத்தி தனியாக இருக்கிறாள். நாய் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. கதவின் கைப்பிடி தானாக மெல்லத் திரும்புகிறது. "திரும்பி வருகிறவர் வாசலில் எழுந்தருளியிருக்கிறார்" என்கிறார் சிர்தார். அந்தப் பெண்ணோ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்குகிறாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வந்ததே கோபம். கட்டின புருஷன் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து வாசலில் நிற்கிறான், இவளுக்கு என்ன கேடு என்று திட்ட ஆரம்பித்தார்கள். "கதவத் தொறடி" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கத்தினார். அவள் ஏன் அலறுகிறாள் என்று ஒருவர் கேட்டதற்கு, சிர்தார் கொஞ்சம் யோசித்து, "சந்தோஷ மிகுதியால்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணை எடுக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பொறுமை போய்விட்டது. வாசலில் நின்றவர் நின்றபடியே இருக்கிறார், அந்த அம்மாள் விளக்கை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள், இறங்குகிறாள், சன்னலிடம் போய் நிற்கிறாள். ஒரு சண்டை உண்டா, ஒரு கூத்து உண்டா? "வித், வித்" என்று கூட்டம் சத்தம் போட்டது, சீக்கிரம் சீக்கிரம் என்று. பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால்தான் படம் ஓடும். படக்காரர் கூட்டத்துக்குப் பயந்து வேகமாகச் சுற்றினார். அந்த அம்மாள் கோழி மாதிரிப் படியேறி ஓடினாள். கிடங்கே அதிர்ந்தது சிரிப்பில். அப்போதுதான் அக்கா எழுந்து நின்றாள். கோயிலில்கூட நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். "மெல்லச் சுத்துங்கண்ணே. அவ மெல்லத்தான் போவா" என்றாள். சிரித்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்காவின் கதை அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? படக்காரர் மெல்லச் சுற்றினார். மிச்சப் படத்தை ஊர் மூச்சுக் காட்டாமல் பார்த்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமனார் பேச்சை எடுக்குமுன் அக்காவே சொன்னாள்: "படம் முடியட்டும் மாமா. முடிஞ்சதும் பதில் சொல்றேன்." மாமனார் பதறிப்போனார். ஒரு பொம்மைப் படத்தை நம்பியா இவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று என் கணவரிடம் புலம்பினார். ஆலை டாக்டர் வீட்டுச் சமையல்காரரைப் பிடித்து அந்தச் சொல்லின் உண்மையான அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆனால் அதை அக்காவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கும் சோறு இறங்கவில்லை. படத்தில் அந்த மனிதர் வீட்டுக்குள் வந்துவிட்டால் இவள் இன்னும் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பாளே என்று ஒரு பயம். வராவிட்டால் என்ன ஆவாளோ என்று அதைவிடப் பெரிய பயம்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் ஒருவழியாகக் கதவைத் திறந்தாள். வெளியே பனி. பனியைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள், பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள், படம் முடிந்துவிட்டது. கூட்டம் கொதித்துப்போய்விட்டது. மூன்று வாரம் எங்களை ஏமாற்றினாயா என்று படக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். "அவர் உள்ளே போய்விட்டார், நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை" என்று சிர்தார் சமாளித்துப் பார்த்தார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள். 

மறுநாள் காலை மாமனார் சிர்தாரைக் கையோடு கூட்டி வந்தார். சிர்தார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோயில் தமிழ் போன இடம் தெரியவில்லை. "தப்பா சொல்லிட்டேன் தங்கச்சி. அது திரும்பி வர்றவரு இல்ல. பேய்னு அர்த்தமாம். அது பேய்ப் படம்."

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும்ண்ணே. கல்யாணத்துக்கு முன்னால ஒரு வெள்ளக்காரங்க வீட்டுல புள்ள பாத்தேன். அடம்புடிக்கிற புள்ளைங்கள அந்தச் சொல்லச் சொல்லித்தான் அடக்குவாங்க. மொத வாரமே தெரியும்."

"தெரிஞ்சுமா மூணு வாரம் போயி உக்காந்த?" என்றார் மாமனார்.

"பேயா வந்தாலும் வரட்டும், உள்ள வாங்கன்னு கூப்பிடுவோம்னு இருந்தேன் மாமா. கதவத் தொறன்னு ஊரே கத்துச்சு. எனக்காகக் கத்துற மாதிரி இருந்துச்சு. அந்தம்மாவும் தொறந்து பாத்துட்டா. ஒருத்தருமில்ல." முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். "பூசாரிகிட்ட சொல்லிருங்க."

மாமனார் அங்கேயே உட்கார்ந்து அழுதார். பத்து நாளில் கருமாதி நடந்தது. அன்று சாயங்காலம், வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அக்கா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். "கொஞ்சம் எண்ணெ கொண்டா புள்ள" என்றாள். கதவின் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. பன்னிரண்டு வருஷமும் அவள் தாழ் போடாமல்தான் படுத்திருக்கிறாள், ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. எண்ணெய் விட்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆட்டி ஆட்டி அதை இளக்கினோம். அப்புறம் என்னை வெளியே அனுப்பிவிட்டு, தாழைத் தானே போட்டுக்கொண்டாள்.