எனக்கு எதிராக வந்த சாட்சி

என் இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருமாள் என்னை எழுப்பி நடக்கவைத்தார் என்று எழுத முடியாது. ஆனாலும் அவர் என் வேண்டுதலைக் கேட்டார். சனிக்கிழமை பஜனைக்கு வரும் அக்காமார் பலமுறை கேட்டும் இதை எழுத இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இன்று எழுதுகிறேன்.

என் பெயர் ரேவதி. ஊர் ஆந்திர எல்லையில் பிச்சாட்டூர் பக்கம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிறார். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் செல்போன் பாகங்கள் பொருத்தும் வேலையில் இருந்தேன். ஷிப்டு பஸ்ஸில் போய் வருவேன். டிரைவர் பாஸ்கர் அண்ணா நல்ல மனிதர். பெண்கள் ஓடி வருவதைக் கண்டால் பஸ்ஸை நிறுத்திக் காத்திருப்பார்.

அது ஆவணி மாதம். வேலை முடிந்து மாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்த் திருப்பத்தில் பஸ் நின்றது. நான் இறங்கினேன். ஒரு கால் தரையில், இன்னொரு கால் படியில். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. தூக்கி எறியப்பட்டேன். சாலையோரக் கல்லில் முதுகு மோதியது. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என் கால்கள் சேற்றில் கிடப்பதைப் பார்த்தேன். அவை யாருடையவையோ போல இருந்தன.

திருப்பதி ஆஸ்பத்திரியில் முதுகில் ஆபரேஷன் செய்தார்கள். "இனி நடப்பது கஷ்டம்" என்று டாக்டர் நைனாவிடம் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்பதை அவர் மறந்துவிட்டார்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வேன்! உடம்பு அசையாது, மனம் ஒரு நொடி நிற்காது. ஃபேன் சுற்றினால் எரிச்சல். நிறுத்தச் சொல்வேன். நின்றால் மூச்சு முட்டும், போடச் சொல்வேன். யாராவது கட்டில் பக்கம் நடந்தால் அவர்கள் கால்களையே பார்ப்பேன். தை மாதம் எனக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருநாள் பழங்களோடு வந்து பார்த்தார்கள். அப்புறம் வரவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு இடி விழுந்தது. பஸ் நிற்பதற்கு முன்பே நான் குதித்துவிட்டதாகப் பாஸ்கர் அண்ணா போலீசில் சொல்லியிருந்தார். கூட வந்த பெண்களைக் கேட்டோம். ஒருத்தி தூங்கிவிட்டதாகச் சொன்னாள். இன்னொருத்தி அழுதாள். "நான் வந்து சொன்னா என்னை வேலைய விட்டு எடுத்துடுவாங்க அக்கா" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பஸ் முதலாளியின் ஆள் ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஒரு தொகையைச் சொல்லி, இதோடு கேஸ் வேண்டாம் என்று நைனாவிடம் கையெழுத்துக் கேட்டார். "தப்பு உங்க பொண்ணு மேல. கோர்ட்டுக்குப் போனா இதுவும் கிடைக்காது பெரியவரே" என்றார். நைனா பேனாவை வாங்கிவிட்டார்.

"போடாத நைனா" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "நான் குதிக்கல நைனா. நான் எறங்கிக்கினு இருந்தேன்."

நைனா பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் தங்கை, திருப்பதியில் விபத்துக் கேஸ்கள் பார்க்கும் பத்மஜா மேடத்தைப் பற்றிச் சொன்னார். மேடம் நேரில் வந்தார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். "சூடும்மா ரேவதி, இங்க பாரு, கை ஒடிஞ்சு கூடிப்போச்சுன்னா அது வேற. உனக்கு ஜீவிதாந்தம், உயிர் இருக்கிற வரைக்கும், ஒருத்தர் கூடவே இருக்கணும். படுக்கைப் புண்ணு வராம பாக்கணும். வீல்சேர் பழசானா மாத்தணும். உன் சம்பாத்தியம் போச்சு. எல்லாத்துக்கும் சேத்து கேக்கணும். அது பிச்சை காது, உன் ஹக்கு." பிச்சை காது என்றால் பிச்சை இல்லை, ஹக்கு என்றால் உரிமை. அந்த ஒரு வார்த்தைக்காகவே அன்று அழுதேன்.

கேஸ் போட்டார். ஆனால் டிரைவர் சொன்னது குறுக்கே நின்றது. பஸ்ஸின் இன்சூரன்ஸ் தரப்பு அவரையே தங்கள் சாட்சியாகக் கொண்டுவரப்போகிறது என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஒருநாள் அண்ணன் என்னையும் அம்மாவையும் நாராயணவனம் பெருமாள் கோவிலுக்கு அழைத்துப்போனான். முன்பெல்லாம் அந்தச் சன்னிதியில் நல்ல கணவன் வேண்டும் என்று கும்பிட்டிருக்கிறேன். அன்று என்னால் சபிக்கத்தான் முடிந்தது. பாஸ்கர் நாசமாகட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல நெஞ்சு எரிந்தது. பக்கத்தில் அம்மா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்ன வேண்டினாய் என்று வெளியே வந்து கேட்டேன்.

"அந்த டிரைவருக்கு நல்ல புத்தி குடு சாமின்னு கேட்டேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் கேக்கலியா?"

"உனக்குத்தாண்டி கேட்டேன்."

அதற்குப் பிறகு தினமும் நானும் அதையே கேட்டேன். முழு மனதோடு கேட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். பாதி நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். பெருமாளே, உண்மை வெளியே வரட்டும். அது அவர் வாயாலேயே வரட்டும்.

டிரைவரைக் கோர்ட்டில் விசாரிக்கும் நாள் வந்தது. விசாரணை மாடியில். கரண்ட் போய் லிஃப்ட் நின்றிருந்தது. நைனாவும் அண்ணனும் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். பாதிப் படியில் நைனாவுக்குக் கை நழுவியது. நாற்காலி சாய்ந்தது. நான் அலறினேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து நாற்காலியைப் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். பாஸ்கர் அண்ணா.

மேலே போய்ச் சேரும்வரை அவர் கையை எடுக்கவில்லை. இறக்கிவைக்கும்போது என் கால் நாற்காலிக்கு அடியில் மடங்கிக்கொண்டது. எனக்குத் தெரியவில்லை. அவர்தான் குனிந்து அதை எடுத்து நேராக வைத்தார். என் கால் எனக்கே தெரியாமல் மடங்கிக் கிடந்ததை அவர் பார்த்துவிட்டார். அவர் முகம் வெளுத்துப்போனது.

கூண்டில் ஏறினார். நான் குதித்ததாக அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்ததை வாசித்தார்கள். தலையாட்டினார். எனக்கு உள்ளே எல்லாம் இடிந்துபோயிற்று. பிறகு பத்மஜா மேடம் எழுந்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"பஸ்ஸை எடுக்கும்போது கண்ணாடியில் படிக்கட்டைப் பார்த்தீர்களா?"

அவர் என் கால்கள் பக்கம் பார்த்தார். மேடம் திரும்பக் கேட்டார். நான் அம்மாவின் கையை இறுக்கிக்கொண்டேன்.

"சூடலேது" என்றார். பார்க்கவில்லை என்று. அப்புறம் தெலுங்கில் கொட்டித் தீர்த்துவிட்டார். முதலாளி போன் செய்தாராம். அடுத்த டிரிப்புக்கு நேரமாகிறது, சீக்கிரம் வா என்றாராம். போனைக் காதில் வைத்தபடியே பஸ்ஸை எடுத்துவிட்டாராம். நான் குதித்ததாகச் சொல்லச் சொன்னதும் முதலாளிதானாம். கடைசியில் நீதிபதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆ அம்மாயி தப்பு லேது சார். தப்பு நாதி." அந்தப் பெண்மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது.

கோர்ட்டில் அழக்கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். அழுதேன்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. என் வாழ்நாளுக்கான வைத்தியம், கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள், என் இழந்த சம்பாத்தியம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இழப்பீடு. வீட்டில் வீல்சேர் போக சாய்தளம் கட்டினோம். நைனா இப்போது மறுபடியும் வயலுக்குப் போகிறார்.

நான் சும்மா இருப்பதில்லை. இருக்கவும் முடிவதில்லை, மனம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவர்களின் வீட்டுக்கு மேடம் என் நம்பரைக் கொடுக்கிறார். அவர்கள் போன் செய்கிறார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன். அழுதால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் செய்ய எனக்குக் கால் தேவையில்லை.

படுக்கையில் கிடந்து இதைப் படிக்கிறவர்களே, உங்கள் கோபத்தோடும் எரிச்சலோடும் பெருமாளிடம் போங்கள். அவர் முகம் சுளிக்கமாட்டார். வக்கீலையும் பாருங்கள், பெருமாளையும் விடாதீர்கள். உங்களுக்கு எதிராக நிற்கிறவரின் நெஞ்சிலும் அவர் இருக்கிறார். எனக்கு அங்கிருந்துதான் பதில் வந்தது.

பாஸ்கர் அண்ணாவுக்கு அந்த வேலை போய்விட்டது. புத்தூரில் ஆட்டோ ஓட்டுவதாகக் கேள்வி. வரும் சனிக்கிழமை விளக்கேற்றும்போது அவர் குடும்பத்துக்கும் ஒன்று ஏற்றுங்கள். அம்மா இப்போதும் ஏற்றுகிறாள். இந்த வாரம் நான் ஏற்றினேன். பல்லைக் கடிக்காமல் ஏற்றினேன்.